தற்சார்புக் கூட்டுவாழ்வுக்கான விழுமியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒத்த நோக்கமுள்ள சிலர் ஒரே நிலத்தில் குடியேறி, உணவு, நீர், மின்சாரம், வீடு என்று முடிந்ததையெல்லாம் தாங்களே செய்துகொண்டு வாழ்வதைத்தான் இங்கே கூட்டுவாழ்வு என்கிறோம். தொடங்க நினைப்பவர்கள் முதலில் நிலம் தேடுகிறார்கள், அப்புறம் வீட்டுக்கு வரைபடம் போடுகிறார்கள். 'நமக்குள் என்ன கொள்கை?' என்ற பேச்சு ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. பின்னால் வரும் சண்டைகளில் பாதி, அந்த மாலையில் யாரும் கேட்காமல் விட்ட கேள்விகள்தான்.

நல்ல மனசு இருந்தால் போதாதா? எழுத்தில் எதற்கு?

ராபர்ட் ஓவனிடம் நல்ல மனசும் இருந்தது, பணமும் இருந்தது. பிரிட்டனில் நூற்பாலை நடத்திச் சம்பாதித்தவர். 1825இல் அமெரிக்காவின் இந்தியானாவில் கட்டி முடித்த ஓர் ஊரையே விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்று சமத்துவக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார், நூற்றுக்கணக்கில் வந்தார்கள். யார் என்ன வேலை செய்வது, செய்யாவிட்டால் என்ன, பொதுக் கடையிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் வந்த பிறகுதான் பேசப்பட்டது. சாசனத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். 1827இல் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கே கெட்டவர்கள் வந்து கெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் மனதில் ஒரு படத்தோடு வந்தார்கள். அந்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாள் இல்லை.

'இயற்கையை மதிப்போம், அன்போடு வாழ்வோம்' என்று எழுதினால் தவறா?

தவறில்லை. ஆனால் யாருமே மறுக்க முடியாத வாக்கியம் எந்த முடிவுக்கும் உதவாது. கோடையில் கிணற்று நீர் இறங்குகிறது. தோட்டம் வாடுகிறது, மோட்டார் போடுங்கள் என்கிறார் ஒருவர். குடிக்கவே பற்றாது, போடாதீர்கள் என்கிறார் இன்னொருவர். இருவரும் இயற்கையை மதிப்பவர்கள்தான், இருவருக்கும் அந்த ஆவணம் ஆதரவாகத்தான் இருக்கிறது!

அதற்குப் பதிலாகக் கிணற்றின் உள்சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் விற்பனைக்கான பயிருக்குப் பாய்ச்சல் நிற்கும். இரண்டாவது கோட்டுக்குக் கீழே போனால் வீட்டுத் தோட்டத்துக்கும் நிற்கும் என்று எழுதுங்கள். மார்ச் மாதம் எட்டிப் பார்க்கிற யாருக்கும் வாதம் செய்ய வேலையில்லை.

காந்தியும் அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக்கும் 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தன. தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. நகரம் 21 மைல் தள்ளி. பொது வேலையாகப் போகிறவர் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போகலாம். சொந்த ஆசைக்காகப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும், சாப்பாட்டையும் பண்ணையிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். எளிமை, சிக்கனம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த ஒரு விதி செய்த வேலையைச் செய்யாது. ஒருவர் காலுக்கு வலி தெரிகிற இடத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு விழுமியத்தைச் சேர்க்கும்போதெல்லாம் 'இதனால் யாருக்கு எப்போது வலிக்கும்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை முன்னுரைக்கு அனுப்பிவிடலாம்.

எத்தனை விழுமியங்கள் வேண்டும்?

ஐந்தாறு போதும். தாளைப் பார்க்காமல் எல்லாராலும் சொல்ல முடிய வேண்டும்.

இரண்டு விழுமியங்கள் ஒன்றோடொன்று மோதினால்?

மோதும். ஆகவே பட்டியலை வரிசைப்படுத்தி வையுங்கள். முதலில் இருப்பது பின்னால் இருப்பதை வெல்லும். இதைச் செய்யத்தான் குழுக்கள் மிகவும் தயங்குகின்றன, எல்லாமே முக்கியம் என்று சொல்லிவிடுவது சுலபம் என்பதால்.

ஆரோவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கியபோது அது மழை அரித்துப் பள்ளம் விழுந்த செம்மண் வெட்டவெளி. வந்தவர்கள் கரை போட்டு, மழைநீரைத் தடுத்து, மரம் நட்டுக் காடாக்கினார்கள். அதே இடத்துக்கு 50,000 பேர் வாழும் நகரம் என்ற திட்டமும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இன்று வரை நாலாயிரம் பேர்கூட ஆகவில்லை என்பதால் காடும் நகரமும் நேருக்கு நேர் மோதாமல் காலம் ஓடியது. 2021இல் திட்டச் சாலைக்காக மரங்களை வெட்டத் தொடங்கியதும் மோதல் வெடித்தது. குடியிருப்பவர்களே இரண்டு பக்கமாக நின்றார்கள், வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. இரண்டு நல்ல நோக்கங்களில் எது முந்தியது என்று உள்ளுக்குள் தீராதபோது வெளியே ஒருவர் தீர்க்க வேண்டியதாகிறது.

முழுத் தற்சார்பு முடியுமா?

முடியாது. இதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளும் குழுதான் உருப்படியாக ஏதாவது செய்யும். உப்பு, இரும்பு, மூக்குக்கண்ணாடி, மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் வெளியிலிருந்துதான் வரும். சோலார் தகடும் அதன் மின்கலமும்கூட எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்தவைதான்.

உணவுக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு நாளைக்கு 2,400 கிலோகலோரி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,75,000. ஒரு கிலோ தானியத்தில் சுமார் 3,500 கிலோகலோரி. வேறு எதையும் தொடாமல் தானியத்தை மட்டுமே சாப்பிட்டால் ஒருவருக்கு 250 கிலோ, இருபது பேருக்கு 5 டன். இதைக் கேட்டதும் 'அவ்வளவுதானா' என்பார்கள். அந்த 5 டன்னை விதைத்து, களை பறித்து, அறுத்து, தூற்றி, காயவைத்து, எலியிடமிருந்து காப்பாற்றி, அரைத்து முடித்த பிறகு யாரும் அப்படிச் சொல்வதில்லை. அடுத்த விதைப்புக்கு விதை எடுத்து வைக்க வேண்டும், பொய்த்துப்போகும் ஆண்டுக்கு இருப்பும் வேண்டும்.

நீர்க் கணக்கு இதைவிடக் கறார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர். கூரையைக் கழுவ விடும் முதல் மழை, சிந்தியது, ஆவியானது போக 80,000 என்று வையுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 60 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 22,000 லிட்டர் வேண்டும். ஆக அந்தக் கூரை மூன்று பேரை, இழுத்துப் பிடித்தால் நாலு பேரைத் தாங்கும். அதுவும் மழையில்லாத மாதங்களுக்குச் சேர்த்துவைக்கத் தொட்டி இருந்தால்தான். தோட்டத்துக்கு அதில் ஒரு சொட்டும் இல்லை.

எனவே 'தற்சார்பு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதாமல், எதில் எவ்வளவு என்று எழுதுங்கள். குடிநீர் முழுவதும், காய்கறி முழுவதும், தானியத்தில் பாதி, எந்த ஆண்டுக்குள் என்பதோடு. எட்டாத இலக்கு ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்தால் இரண்டே ஆண்டில் அதைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிடுவார்கள்.

வெளியிலிருந்து எதை வாங்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?

பழுதானால் நம்மில் ஒருவரால் சரிசெய்ய முடியுமா என்பது நல்ல சோதனை. முடியாவிட்டால், கற்றுக்கொள்ள யார் தயார் என்பது அடுத்தது. டால்ஸ்டாய் பண்ணையில் செருப்பு தேவைப்பட்டபோது காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்த் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர்.

நிலம் நீடித்து நிற்கிறதா என்று எப்படித் தெரியும்?

உணர்வை நம்பாமல் ஒரு நோட்டில் குறியுங்கள். கோடையின் கடைசியில் கிணற்று மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா? மண்ணில் கரிமச்சத்து கூடுகிறதா? நிலத்திலிருந்து விளைச்சலாக எடுத்துப்போன சத்து, மட்காக, சாணமாக, மூடாக்காகத் திரும்பிப் போகிறதா? வெளியே விற்கிற ஒவ்வொரு மூட்டையோடும் மண்ணின் சத்தும் போகிறது. மனிதக் கழிவையும் முறையாக மட்கவைத்துத் திருப்புவது பற்றிப் பேச முகம் சுளித்தால், சத்துச் சுழற்சி பற்றி எழுதியதில் பெரிய ஓட்டை இருக்கும்.

நிலத்தை யார் பேரில் வாங்குவது?

ஒருவர் பேரில் மட்டும் வேண்டாம், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும். அவர் நல்லவர்தான்; அவருடைய வாரிசுகளை உங்களுக்குத் தெரியாது, அவருக்குக் கடன் கொடுத்தவர்களையும் தெரியாது. பத்திரத்தில் பெயருள்ளவர் கூட்டத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே மற்றவர்கள் குடித்தனக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் என்று உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் ஏதாவது ஒரு பொது அமைப்பின் பேரில் நிலம் இருக்கட்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வருமானம் பொதுவா, தனித்தனியா?

இரண்டும் நடக்கும். கலப்பும் நடக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் இன்னும் பொது வருமானத்தில்தான் இயங்குகிறது. தொங்கு ஊஞ்சல் பின்னியும் சோயாக் கட்டி செய்தும் சம்பாதித்தவர்கள் அவர்கள். மறுபக்கம், 1910இல் தொடங்கிய முதல் கிப்புட்ஸ் (இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) தெகானியா 2007இல் அவரவர் சம்பளம் அவரவருக்கு என்ற முறைக்கு மாறியது. அதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. ஏறத்தாழ நூறு ஆண்டு ஒரு முறையில் வாழ்ந்துவிட்டு, கூடிப் பேசி, வாக்களித்து இன்னொரு முறைக்கு மாறியதில் எனக்குத் தோல்வி தெரியவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை: வருமானம் தனியாக இருக்கட்டும், பொதுச் செலவுக்கு ஒவ்வொருவரும் தருவது வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் இருக்கட்டும். பொதுவாக்குவது பின்னால் எப்போது வேண்டுமானாலும் முடியும். பொதுவானதைப் பிரிப்பதுதான் ரணம்.

குழு எதை விற்றுப் பிழைக்கிறது என்பதும் விழுமியம்தான். ஸ்காட்லாந்தில் 1962இல் வேர்விட்ட ஃபிண்ட்ஹார்ன், வெளியாட்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்புகளுக்காக உலகெங்கும் பெயர் பெற்றது. பணநெருக்கடியால் அங்குள்ள அறக்கட்டளை 2023இல் அந்த வகுப்புகளை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் வாழ்க்கையை வேடிக்கை பார்க்க வருபவர்களின் பணத்தில் நம் வாழ்க்கை நடந்தால், அவர்கள் வராத ஆண்டில் என்ன செய்வோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வேலையை எப்படிப் பகிர்வது?

கூட்டுவாழ்வு உடைகிற இடம் பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டி. உண்மையாகத்தான் சொல்கிறேன். இரவு பொதுச் சாப்பாடு முடிந்து இருபது தட்டுகள், நாலு பெரிய குண்டான்கள், அடிப்பிடித்த ஒரு சட்டி. தட்டுகளை எல்லாரும் கழுவிவிட்டுப் போவார்கள். சட்டியில் தண்ணீர் ஊற்றி 'ஊறட்டும்' என்பார்கள். காலையில் அதைத் தேய்ப்பது யார்? முதல் வாரம் யாரோ. மூன்றாவது மாதம் பார்த்தால் எப்போதும் அதே இரண்டு பேர், அதில் பெரும்பாலும் இருவருமே பெண்கள். அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ஓர் ஆண்டு கழித்து வேறு ஏதோ காரணம் சொல்லி விலகுவார்கள்.

இதற்கு மருந்து கணக்கு நோட்டுதான். ட்வின் ஓக்ஸில் ஒவ்வொருவருக்கும் வாரம் சுமார் 40 மணி நேர வேலைக் கடன் உண்டு. சமையல், பிள்ளை பார்ப்பது, மாடு பார்ப்பது, கணக்கு எழுதுவது, விற்பனைக்குப் பொருள் செய்வது எல்லாம் அதில் சேரும். எந்த வேலையானாலும் ஒரு மணிக்கு ஒரு மணிதான். தொடக்கத்தில் யாரும் விரும்பாத வேலைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அதைக் கைவிட்டார்கள். 40 மணி என்றால் அதிகம் போலத் தெரியும். வெளியே வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பிய பிறகு செய்கிற அத்தனையும் இதில் அடக்கம் என்று நினைத்தால் அப்படித் தெரியாது.

நோட்டுப் போட்டால் அன்பு போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சட்டியை ஊறவைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அப்படிக் கேட்கிறார்கள்.

நோயாளி, முதியவர், பிள்ளை பெற்றவர் ஆகியோருக்கு எவ்வளவு குறைப்பது என்பதை முன்பே எழுதுங்கள். அவர்கள் ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

முடிவெடுப்பது எப்படி? எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

ஒருமித்த முடிவு என்பது கேட்க அழகு. ஒரே ஒருவர் மாட்டேன் என்றால் எதுவும் நகராது என்பதால், மாற்றம் வேண்டாதவர் கையில் அது பெரிய ஆயுதம். பெரும்பான்மை வாக்கு வேகமானது. ஆனால் தோற்ற பக்கம் மறுநாளும் உங்களோடு அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கும்.

நடுவில் ஒரு வழி உண்டு. நெதர்லாந்தில் கேரார்ட் எண்டன்பர்க் தன் மின்சாதன நிறுவனத்தில் வளர்த்தெடுத்த முறை அது. 'உனக்கு இது பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதில்லை. 'இதனால் நம் நோக்கத்துக்குக் கேடு வருமா? காரணம் சொல்' என்று கேட்கிறார்கள். காரணமுள்ள மறுப்பு இல்லாவிட்டால் முடிவு குறிப்பிட்ட காலத்துக்கு நடப்புக்கு வரும், பிறகு மறுபரிசீலனை. பல கூட்டுவாழ்வுக் குழுக்கள் இப்போது இதைத்தான் பின்பற்றுகின்றன.

சின்ன விஷயங்களைக் கூட்டத்துக்கே கொண்டுவராதீர்கள். விதை வாங்குவதைத் தோட்டக்காரர்கள் முடிவு செய்யட்டும்.

தலைவர் இல்லாமல் நடக்குமா?

பட்டம் இல்லாத தலைவர் எப்படியும் ஒருவர் உருவாகிவிடுவார். அதைவிடப் பொறுப்புகளை வெளிப்படையாகப் பிரித்து, காலக்கெடு போட்டுச் சுழற்றுவது மேல்.

ஒருவர் விதியை மீறினால்?

எலினோர் ஆஸ்ட்ரம், மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி நீர்நிலை போன்ற பொதுச் சொத்துகளை மக்களே நீண்ட காலம் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்தவர். அதற்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். அந்தப் பரிசு பெற்ற முதல் பெண். நிலைத்து நின்ற அமைப்புகளில் அவர் கண்ட எட்டு அம்சங்களில் ஒன்று, தண்டனை படிப்படியாக ஏறுவது. முதல் தடவைக்கு ஒரு சொல், அடுத்து சிறு அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால்தான் பெரியது.

புதிய குழுக்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பத்துத் தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பதினோராவது தடவை 'வெளியே போ' என்பார்கள். தொடக்கத்திலேயே சொல்லும் சின்னச் சொல்லுக்கு ஒரு வழியும், சண்டையைக் கேட்டுத் தீர்க்க இரண்டு மூன்று பேரும் இருக்க வேண்டும்.

எத்தனை பேர் இருக்கலாம்?

பதினைந்துக்குக் கீழே என்றால் இருவர் விலகினாலே ஆட்டம் கண்டுவிடும். மேல் எல்லைக்கு ஹட்டரைட்டுகளைப் பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய, சொத்தைப் பொதுவில் வைத்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினர், இன்று பெரும்பாலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒரு குடியிருப்பு 150 பேரை நெருங்கும்போது வேறு நிலம் வாங்கி இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். பிரிவதற்கான பணத்தைப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சேர்க்கிறார்கள்.

பொது மதமோ ஆன்மிகமோ வேண்டுமா?

கட்டாயமில்லை. இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைமுகமான குரு இருப்பதுதான் ஆபத்து.

குழந்தைகள்?

கிப்புட்ஸ்களில் பல பத்தாண்டுகள் குழந்தைகள் பெற்றோரோடு தூங்கவில்லை; பொதுக் குழந்தைகள் இல்லத்தில்தான் தூங்கினார்கள். அப்படி வளர்ந்தவர்களே பெற்றோரானபோது தங்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். 1990களில் அந்த வழக்கம் மறைந்தேவிட்டது. பெரியவர்களின் கொள்கையில் குழந்தை கையெழுத்துப் போடவில்லை. பள்ளி, மருத்துவம், வெளி நட்பு இவற்றில் பெற்றோர் சொல்லே கடைசி என்று எழுதுங்கள். பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை தானாக உறுப்பினராகிவிடக் கூடாது. மற்றவர்களைப் போல விண்ணப்பித்துத்தான் சேர வேண்டும்.

நாய் வளர்க்கலாமா?

சிரிக்காதீர்கள். கோழி, குழந்தைகள், இரவுத் தூக்கம் எல்லாம் இதில் மாட்டும். சேர்வதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

ஒருவர் விலகினால் போட்ட பணம் திரும்புமா?

திரும்ப வேண்டும், ஆனால் ஒரே நாளில் அல்ல. நிலத்திலும் கட்டடத்திலும் போன பணம் பணமாக இருக்காது. போட்ட தொகையில் எவ்வளவு, எத்தனை தவணையில், அவர் கட்டிய வீட்டை யார் மதிப்பிடுவது என்பதை எல்லாரும் ஒருவரையொருவர் விரும்பும் காலத்தில் எழுதிவிடுங்கள். விலக வழி இல்லாத இடத்தில் இருப்பவர்கள் விருப்பத்தோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. சேர்க்கும்போதும் அவசரம் வேண்டாம்: விருந்தினராகச் சில வாரம், பிறகு ஓர் ஆண்டு சோதனை உறுப்பினர், அதன் பிறகுதான் பணம் வாங்குவது.

குழுவைக் கலைக்க வேண்டி வந்தால்?

அதற்கும் ஒரு பத்தி வேண்டும். 1848இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய ஓனைடா குழு, 1881இல் கூட்டுவாழ்வை முடித்துக்கொண்டு பங்கு நிறுவனமாக மாறி, உறுப்பினர்களுக்குப் பங்குகளைப் பிரித்துக் கொடுத்தது. பின்னாளில் கரண்டி, முட்கரண்டி தயாரிப்பில் பெயர் பெற்றது அந்த நிறுவனம்தான். உங்கள் ஆவணத்தில் மூன்றைக் குறிப்பிட்டால் போதும். எத்தனை பேருக்குக் கீழே குறைந்தால் கலைப்பது, கடன் தீர்ந்தபின் மிஞ்சும் பணம் உறுப்பினர்களுக்கா வேறு பொதுக் காரியத்துக்கா, நிலத்தை விற்றால் முதலில் யாரிடம் கேட்பது. கடைசியாகச் சொன்னதில் பக்கத்து விவசாயியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.